பொட்டு வைத்த பேய்கள்

தெரேசாவுக்கு வாய் கொஞ்சம் முந்திக்கொள்ளும். மனசு இன்னும் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே வாய் தெருமுனைக்குப் போய்விட்டிருக்கும். கெட்ட மனுஷி என்று யாரும் சொல்ல முடியாது. ரங்கூன் தாமுவேயில் அவள் இருக்கும் தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதல் ஆளாகக் கஞ்சி கொண்டு போகிறவள் அவள்தான். ஆனால் கிண்ணத்தை நீட்டும்போதே, "மழையில ஆடினா காய்ச்சல் வராம கல்யாணமா வரும்?" என்று கேட்டும்விடுவாள். கஞ்சி குடித்தவர்கள் கஞ்சியை மறந்துவிடுவார்கள், கேள்வியை மறக்க மாட்டார்கள். உலகம் அப்படித்தான், தெரேசாவை மட்டும் சொல்லிக் குற்றமில்லை.

அந்த அக்டோபர் கடைசி வாரத்திலும் வாய்தான் அவளை மாட்டிவிட்டது. அவள் ஆசிரியையாக இருக்கும் மழலையர் பள்ளியை நடத்துகிற டோ நுவே நீ, எல்லா ஆசிரியைகளையும் கூப்பிட்டு உட்காரவைத்து, வெள்ளிக்கிழமை காலை ஹாலோவீன் கொண்டாட்டம் என்று அறிவித்தார். பிள்ளைகள் பேய் வேஷம் போட்டுக்கொண்டு வருவார்கள், அவர்களுக்குக் கொடுக்கச் சாக்லேட் குக்கி வேண்டும், குக்கியும் பேய் உருவத்திலேயே இருந்தால் நல்லது, யார் செய்கிறீர்கள் என்று கேட்டார். மற்ற ஆசிரியைகள் விவரமானவர்கள். ஒருத்தி மின்விசிறியைப் பார்த்தாள், ஒருத்தி தன் நகத்தைப் பார்த்தாள். தெரேசாதான், "இது என்ன பெரிய வேலை, ரொம்ப சுலபம், நான் செய்கிறேன்" என்று பர்மிய மொழியில் படபடவென்று சொல்லிவிட்டாள்.

சுலபம் என்று சொல்ல அவளிடம் ஆதாரம் இருந்தது. கைபேசியில் ஒரு பெண் செய்துகாட்டியதைப் பார்த்திருந்தாள். வெண்ணெயையும் சர்க்கரையையும் குழைத்து, மைதாவும் கோகோ தூளும் சலித்துப் போட்டு, மாவைக் குளிர்பெட்டியில் கொஞ்சம் இறுகவிட்டு, தேய்த்து, வெட்டி, ஓவனில் வைத்து எடுத்துவிட்டாள் அந்தப் பெண். முட்டைகூட வேண்டாம். ஆனால் அந்தப் பெண் வீட்டில் மீ போகவில்லை. ரங்கூன் தமிழர்கள் மின்சாரத்தை மின்சாரம் என்று சொல்வதை விட்டு எத்தனையோ காலம் ஆகிறது. பர்மியரைப் போல மீ என்பார்கள். அது வருவதையும் போவதையும் பார்த்துத்தான் சமையல், குளியல், துணி தேய்ப்பது எல்லாமே.

அவர்கள் தெருவில் இதில் ஒரு விசேஷமும் உண்டு. தெருவின் இந்தப் பக்கத்து வீடுகளுக்கு ஒரு லைன், அந்தப் பக்கத்து வீடுகளுக்கு வேறு லைன். இங்கே மீ இருந்தால் அங்கே இருட்டு, அங்கே வந்தால் இங்கே போய்விடும். யார் செய்த புண்ணியமோ தெரியாது. தெரு அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தது. இருட்டுப் பக்கத்துப் பெண்கள் அரிசி களைந்து போட்ட குக்கரை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தெருவைக் கடப்பார்கள். கைபேசிகளும் இஸ்திரிப் பெட்டிகளும் பின்னாலேயே போகும். எதிர்வீட்டுச் சுவரில் சொருகிவிட்டு, சோறு வெந்ததும் தூக்கிக்கொண்டு வருவார்கள். இதற்கு யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. எதிர்வீடு என்று ஒன்று இருப்பதே அதற்குத்தான்.

தெரேசாவுக்கு எதிர்வீடு கலா வீடு. இரண்டு பேரும் ஒரே வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். இவள் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவ வீட்டுப் பெண், அவள் ஆடி வெள்ளிக்குக் கூழ் ஊற்றுகிற வீட்டுப் பெண். அதனால் எந்தக் குறையும் வந்ததில்லை, பண்டிகைப் பலகாரம்தான் இரண்டு மடங்காக வந்தது. படிப்பு முடிந்து தெரேசா சயாமா, அதாவது டீச்சர், ஆனாள், கலா தையல்காரி ஆனாள். தெரேசா கல்யாணமாகிப் போனதும்கூட அதே தெருவில் எதிர் வரிசைக்குத்தான். இரண்டாம் மாடி பால்கனியும் இரண்டாம் மாடி பால்கனியும் நேருக்கு நேர். காலையில் பல் விளக்குவதிலிருந்து ராத்திரி கதவு சாத்துவது வரை இரண்டு பேரும் தெருவுக்கு மேலேயே பேசித் தீர்ப்பார்கள். கீழே டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் பர்மியக் கிழவர்களுக்குத் தமிழ் நாலு வார்த்தை தெரியும் என்றால் அது இவர்கள் புண்ணியம்தான்.

அந்தப் பேச்சு நின்று ஐந்து மாதம் ஆகிவிட்டது.

நடந்தது இதுதான். கியாக்தானில் மளிகைக் கடை வைத்திருக்கும் சத்யபாமா என்கிற அம்மாள், தன் மகனுக்குக் கலாவைக் கேட்கலாம் என்று வந்தாள். பெண் பார்க்க வருவதற்கு முன்னால் அக்கம்பக்கத்தில் விசாரிப்பது வழக்கம் இல்லையா, அப்படி எதிர்வீட்டுப் படியேறினாள். தெரேசா அந்த அம்மாளை உட்காரவைத்து, காப்பி கொடுத்து, கலாவின் கைவேலை, சமையல், தாய் வேலம்மாவைத் தாங்குகிற குணம் என்று ஒன்று விடாமல் புகழ்ந்து தள்ளினாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். வழியனுப்பப் படிவரை போனவள், சிரித்துக்கொண்டே, "கோபம் வந்தா மட்டும் கொஞ்சம் ஒதுங்கி நின்னுக்குங்க. கையில இருக்கற கத்தரிக்கோல் எந்தப் பக்கம் பறக்கும்னு சொல்ல முடியாது" என்றாள். சத்யபாமாவும் சிரித்துக்கொண்டேதான் இறங்கிப் போனாள். அப்புறம் வரவில்லை. பெண்ணுக்குக் கை நீட்டுகிற பழக்கம் உண்டாமே என்று கியாக்தானிலிருந்து பேச்சு மட்டும் திரும்பி வந்தது.

அந்த ஊரில் மாடி வீடுகளிலிருந்து தெருவுக்கு ஒரு கயிறு தொங்கும். கீழே நின்று இழுத்தால் மேலே மணி அடிக்கும். வந்தவர் யார் என்று எட்டிப் பார்ப்பார்கள். அந்தப் பேச்சு வந்த அன்றைக்குச் சாயங்காலம் கலா தன் வீட்டுக் கயிற்றைச் சுருட்டி மேலே இழுத்துக் கட்டிவிட்டாள். எதிர்பால்கனியில் நின்று தெரேசா அதைப் பார்த்தாள். விளையாட்டுக்குச் சொன்னதுதானே, இவளுக்கே தெரியாதா, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தாள்.

சரியாகவில்லை. அதன் பிறகு தெரேசா அனுப்பாத பண்டம் இல்லை. இறால் தொக்கு அனுப்பினாள். கலா பிறந்தநாளுக்குக் கேக் அனுப்பினாள். எல்லாம் அவள் புருஷன் அமிர்தநாதன் கையில்தான் போகும். பாத்திரம் மறுநாள் கழுவித் துடைத்துத் திரும்பி வரும், வெறுமனே. நம் வீடுகளில் பக்கத்து வீட்டுப் பாத்திரத்தை யாரும் வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். ஒன்றுமில்லை என்றால் ஒரு பிடி சர்க்கரையாவது போடுவார்கள். அந்த வெறும் பாத்திரத்தை ஒவ்வொரு தடவையும் தெரேசா மூடியைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டுத்தான் அலமாரியில் வைப்பாள். இந்தத் தீபாவளிக்கு எதிர்வீட்டிலிருந்து முறுக்கும் வரவில்லை. அன்றைக்கு அவள் சமையலறையில் நின்று அழுதாள், அமிர்தநாதன் பார்க்காத மாதிரி செய்தித்தாளைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

நேரில் போய் நின்றிருக்கலாம்தான். போகவில்லை. போய் நின்று, அவள் முகத்தில் கதவைச் சாத்திவிட்டால் அதற்கப்புறம் இந்த பால்கனியில் எப்படி நிற்பது என்று பயம். நாக்கு நீளமாக இருப்பவர்களுக்குத் தைரியமும் நீளமாக இருக்கும் என்று நினைத்தால் அது தப்பு.

வியாழக்கிழமை வந்தது. பள்ளி விட்டு வந்த தெரேசா மாவைப் பிசைந்து வைத்தாள். சாயங்காலம் மீ வரும் முறை தங்கள் பக்கத்துக்குத்தான் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாள். முறையை மாற்றிவிட்டார்கள். இந்தப் பக்கம் போயே போய்விட்டது, அந்தப் பக்கம் பளிச்சென்று எரிந்தது. குளிர்பெட்டி ஓடவில்லை, மாவு இளகி அல்வா மாதிரி ஆகத் தொடங்கியது. ஐஸ் கடையில் கட்டி வாங்கி வந்து, பெட்டியில் போட்டு, அதற்கு மேல் மாவை வைத்துக் காவல் காத்தாள்.

தன்லியின் ஊரில் உள்ள ஆலையிலிருந்து வேலை முடிந்து அமிர்தநாதன் வந்து சேர்ந்தபோது மனைவி மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"ஞாயித்துக்கெழம கல்லறைத் திருநாளு. அதுக்கு முன்னாடியே பேய்க்குத் துணையா உக்காந்துட்டியா?" என்றான்.

"சிரிக்காதீங்க. நாளைக்குக் காலையில பிள்ளைங்க வந்து நிக்கும். மீ இல்ல, மாவு உருகுது. நான் என்ன செய்ய?"

"எதிர்ப்பக்கம் இருக்கே."

 எதிர்ப்பக்கம் வீடுகள் இருந்தன, ஆனால் ஓவனைப் போட்டால் தாங்குகிற தடி வயர் ஒரே வீட்டில்தான் உண்டு. இரண்டு இஸ்திரிப் பெட்டியும் தையல் மெஷினும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும் என்று கலா செலவழித்துப் போட்ட வயர். மற்ற வீடுகளில் சொருகினால் அந்த வீடும் இருட்டாகிவிடும். அது அமிர்தநாதனுக்கும் தெரியும்.

"நீங்க ஓவனத் தூக்கிட்டுப் போங்க" என்றாள் கடைசியில்.

"நானா? போயி என்னம்மா சொல்றது?"

"ஒண்ணும் சொல்ல வேணாம். வேலம்மா அத்தைகிட்ட வெச்சிட்டு, மாவத் தேய்ச்சு, பேய் மாதிரி வெட்டி உள்ள வைங்க. வெந்ததும் வெள்ளை ஐசிங்கப் பூசி, சாக்லேட்டுத் துண்டு ரெண்ட கண்ணா வைங்க. சின்னக் குப்பியில செவப்பு இருக்கு, அதையும் எடுத்துட்டுப் போங்க."

செவப்பு எதற்கு என்று அவளும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. பின்னால் வந்த வினையெல்லாம் அதனால்தான்.

அமிர்தநாதன் நல்ல மனுஷன். பாரம் தூக்கச் சொன்னால் தூக்குவான். முதலில் ஓவன், அடுத்த நடையில் ஐஸ் பெட்டி, அதற்கடுத்து தட்டுகளும் டப்பாக்களும். மூன்று தடவை இரண்டு மாடி இறங்கி இரண்டு மாடி ஏறினான். டீக்கடைக் கிழவர்கள் குடித்தனம் மாற்றுகிறான் என்றே முடிவு கட்டிவிட்டார்கள்.

தெரேசா இருட்டு பால்கனியில் வந்து நின்றாள். எதிரே கலா வீட்டுச் சமையலறை, விளக்குப் போட்ட மேடை மாதிரி தெரிந்தது. வேலம்மா அத்தை கையைக் கையை ஆட்டி ஏதோ சொன்னாள். பிறகு உள்ளிருந்து கலா வந்தாள். கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைப் பூச்சு, கழுத்தில் அளவு டேப். ஐந்து மாதத்தில் கொஞ்சம் இளைத்துவிட்டாளோ என்று தெரேசாவுக்குத் தோன்றியது. கலா அவனைப் பார்த்தாள், மாவைப் பார்த்தாள். அமிர்தநாதன் ஒரு விரலால் தெருவுக்கு இந்தப் பக்கத்தைக் காட்டினான். கலா இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் போ என்றும் சொல்லவில்லை, பிளக்கைச் சொருகினாள்.

அமிர்தநாதன் மாவைத் தேய்த்துப் பேய் வெட்டினான். இந்தப் பக்கத்திலிருந்து பார்க்கும்போதே அது கத்தரிக்காய் என்று தெரிந்தது. அடுத்தது இன்னும் மோசம், காம்பு வைத்த கத்தரிக்காய். கலா கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தாள். ஒரு தையல்காரி எவ்வளவு நேரம்தான் அதைப் பொறுத்துக்கொண்டு நிற்பாள்? அவன் கையிலிருந்து கத்தியைப் பிடுங்கினாள். செய்தித்தாள் ஒன்றை மடித்து, சட்டைக் கழுத்து வெட்டுகிற லாகவத்தில் கத்தரிக்கோலால் ஒரு சுழற்றுச் சுழற்றினாள். பிரித்தபோது அது ஒரு பேய். வட்டத் தலை, விரித்த கை, கீழே பாவாடை விளிம்பு மாதிரி அலை அலையாக ஓரம். அதை மாவில் வைத்து வரிசையாக வெட்டித் தள்ளினாள். இங்கே தெரேசா பால்கனிக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இந்தப் பெண் என் கலா, நான் இப்படி இருட்டில் ஒளிந்து நின்று இவளைப் பார்க்கும்படி ஆகிவிட்டதே என்று நினைத்துக்கொண்டாள்.

முதல் தட்டு வெந்து வெளியே வந்து முன்னறைக்குப் போயிற்று. அங்கே விசிறி ஓடியது, வேலம்மா அத்தையும் அமிர்தநாதனும் அங்கே போய்விட்டார்கள். இரண்டாவது தட்டை உள்ளே வைத்துவிட்டுக் கலா தனியாக நின்றாள். நின்றவள் ஓவனின் கதவைத் திறந்து பார்த்தாள். மூடினாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி திறந்தாள். அவளுக்குப் பொங்கல் பானை பழக்கம், எட்டி எட்டிப் பார்த்தால்தான் திருப்தி. மூன்றாம் முறை கை கதவுக்குப் போனபோது தெரேசாவின் வாய் வழக்கம்போலக் கிளம்பிவிட்டது.

"ஏய் கலா! கதவத் தெறக்காதடீ! சூடு போயிடும்!"

தெரு அப்படியே நின்றது. டீக்கடையில் கோப்பை வைக்கிற சத்தம்கூட இல்லை. தெரேசா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஐந்து மாதம் கழித்துப் பேசிய முதல் பேச்சு, அதுவும் அதட்டல்.

கலா கையைத் துடைத்துக்கொண்டு மெதுவாக பால்கனிக்கு வந்தாள்.

"ஏன்? தெறந்தா உன் பேய் செத்துப்போயிடுமா?"

கீழே ஒரு கிழவர் சிரித்தார். தமிழ் தெரிந்தவர் போலிருக்கிறது.

"அதுக்கு இல்லடி... உள்ள வேகாம நின்னுடும்" என்றாள் தெரேசா, குரல் பாதியாகி.

"ஓ. எனக்குச் சொல்லிக்குடுக்கறியா?" கலா பால்கனிக் கம்பியில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள். "இறா தொக்கு அனுப்பின. கேக்கு அனுப்பின. மாசா மாசம் புருஷன அனுப்பின. இப்ப அடுப்பையே அனுப்பிட்ட. நீ எங்கடி? அஞ்சு மாசமா நீ எங்க?"

  தெருவே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. இந்தப் பக்கத்து இருட்டில் தெரேசாவின் முகம் யாருக்கும் தெரியவில்லை, அது ஒன்றுதான் ஆறுதல். கதவை வெறுமனே சாத்திவிட்டு, கைபேசி விளக்குகூட இல்லாமல், படிகளைத் தடவித் தடவி இறங்கினாள். தமெயின் கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்தாள். எத்தனையோ ஆயிரம் தடவை கடந்த தெரு, அன்றைக்குத்தான் அதற்கு அகலம் இருப்பது தெரிந்தது.

மேலே கதவு திறந்தே இருந்தது. வாசலில் வேலம்மா அத்தை இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"வா வா. நல்ல நேரம் பாத்தே, வெளக்கு வெச்ச நேரத்துல வீட்டுக்குள்ள பேய அனுப்பியிருக்க. சாமி படத்துக்கு முன்னாடி வரிசையா உக்காந்திருக்குதுங்க. நல்லவேளை, நான் எல்லாத்தையும் சரி பண்ணிட்டேன்."

என்ன சரி பண்ணினாள் என்று தெரேசாவுக்குப் புரியவில்லை. முன்னறைக்குள் எட்டிப் பார்த்தாள். மேஜை நிறையப் பேய்கள். வெள்ளை ஐசிங் பூசி, கண் வைத்து, அழகாக ஆறிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு பேயின் நெற்றியிலும், இரண்டு கண்ணுக்கும் நடுவில், அளந்து வைத்த மாதிரி ஒரு சிவப்புப் பொட்டு.

"அத்த! அது ரத்தம்! வாயோரமா வழியற ரத்தத்துக்கு வெச்சிருந்தேன்!"

"ரத்தமா?" வேலம்மா அத்தை அமிர்தநாதனைத் திரும்பிப் பார்த்தாள். "தம்பி, நீ அப்படிச் சொல்லலையே."

"எனக்கே தெரியாதும்மா" என்றான் அமிர்தநாதன். "செவப்பு எதுக்குன்னு நீங்க கேட்டீங்க, தெரியலேன்னேன். செவப்பு வேற எதுக்கு, பொட்டுக்குத்தான்னு நீங்களே சொன்னீங்க. சரிதான்னு பட்டுச்சு."

"பின்னே? மொகத்த வரைஞ்சிட்டு நெத்திய மூளியா விடுவாங்களா?" என்றாள் அத்தை. "பொட்டு வெச்சிட்டா அது பேயில்ல, வீட்டுக்கு வந்த பொண்ணு. இப்ப எத்தன வேணாலும் உள்ள இருக்கட்டும்."

தெரேசா ஒரு பேயைக் கையில் எடுத்தாள். பிள்ளைகளைப் பயமுறுத்த வேண்டிய பேய், வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ள வந்த மாதிரி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அவளைப் பார்த்தது. சிரிக்கக் கூடாது, இது சிரிக்கிற நேரமில்லை என்று உதட்டைக் கடித்தாள். சமையலறை வாசலில் சாய்ந்து நின்ற கலாவிடமிருந்து முதலில் ஒரு 'க்ளுக்' வந்தது. அவ்வளவுதான். இரண்டு பேரும் சிரித்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாளில் டீச்சர் வெளியே நிறுத்துகிற அளவுக்குச் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. கலா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தவள் சிரிப்பு நின்ற பிறகும் எழுந்திருக்கவில்லை. முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள், தோள் குலுங்கியது. அது சிரிப்பு இல்லை.

தெரேசா பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"கலா, அன்னிக்கு நான் சொன்னது தப்பு. விளையாட்டுக்குச் சொன்னேன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஒன் வாழ்க்கைய வெச்சு நான் விளையாடியிருக்கக் கூடாது. மன்னிச்சுடு."

"அந்தப் பையன் போனதுக்கு நான் ஒரு நாளுகூட அழல" என்றாள் கலா, முகத்தை எடுக்காமலே. "அவன் எப்படி இருப்பான்னே எனக்குத் தெரியாது. நீ வருவேன்னு இருந்தேன். மணிக் கயித்த எடுத்தா என்ன, நேரா படியேறி வந்து கதவ இடிப்பேன்னு இருந்தேன். ஒவ்வொரு தடவையும் அண்ணன்தான் கிண்ணத்தத் தூக்கிட்டு வந்தாரு. நான் அவ்வளவு தூரத்து ஆளாயிட்டேனா ஒனக்கு?"

"பயம்டி."

"எங்கிட்டயா?"

"ஒங்கிட்டதான். வேற யாருகிட்டயாவது எனக்குப் பயம் உண்டா?"

கலா நிமிர்ந்து பார்த்தாள். அது உண்மை என்று அவளுக்கும் தெரியும். தெரேசாவின் தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்தாள், வைத்த கையோடு அவளை இழுத்துக் கட்டிக்கொண்டாள். தெரேசாவின் கன்னத்தில் பாதித் தனாக்கா ஒட்டிக்கொண்டது. வேலம்மா அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டே, "அடுப்புல தட்டு இருக்குடி, அழுகைய அப்புறம் வெச்சுக்குங்க" என்றாள்.

இரண்டாம் தட்டு தப்பித்தது. அதற்கும் பொட்டு வைத்தாகிவிட்டது. முதல் தட்டுக்குப் பொட்டும் இரண்டாம் தட்டுக்கு ரத்தமும் என்றால் பிள்ளைகள் சண்டை போடுவார்கள் என்று தெரேசாவே சொல்லிவிட்டாள். மறுநாள் டோ நுவே நீ பேயின் நெற்றியைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கியதும், "இது எங்க வீட்டுப் பேய்" என்று தெரேசா சொன்னதும், பேய் வேஷம் போட்டு வந்த வாண்டுகள் எல்லாம் தங்களுக்கும் அதே மாதிரி நெற்றியில் சிவப்பு வேண்டும் என்று வரிசையில் நின்றதும் தனிக் கதை.

மூன்றாவது தட்டு உள்ளே போய்ப் பாதி வெந்திருக்கும். படக்கென்று விளக்கு அணைந்தது, விசிறி நின்றது. அடுத்த நொடி எதிரே தெரேசா வீட்டுப் பக்கத்து வீடுகள் ஒன்றாக ஒளிர்ந்தன. "மீ லா பீ! மீ லா பீ!" என்று அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் கூவினார்கள். மீ வந்துவிட்டதென்றால் அந்த ஊரில் சாமி புறப்பாடு மாதிரிதான். இந்தப் பக்கம் யாரும் கூவவில்லை.

"போச்சு" என்றான் அமிர்தநாதன். "மிச்சத்தக் காலையில சுட்டுக்கலாம்மா."

"காலையில மீ எந்தப் பக்கம் இருக்கும்னு யாரு கண்டா?" என்றாள் தெரேசா. "பாதி வெந்தது கல்லாயிடும். சூடு ஆறறதுக்குள்ள நம்ம வீட்டுக்குக் கொண்டுபோயிடணும்."

"சூட்டோட அத எப்படித் தூக்கறது? நான்..."

"நீங்க தள்ளுங்க அண்ணே" என்றாள் கலா. இருட்டில் அவள் துணிப் பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டது. தடித்த வெட்டுத்துணியை இரண்டு கத்தையாகச் சுருட்டிக்கொண்டு வந்தாள். "முன்னாடி போயி கதவத் தெறந்து வைங்க. அம்மா, செல்லு வெளக்கப் பிடி. தெரேசா, நீ அந்தப் பக்கம் பிடி."

தெரேசா ஒரு பக்கம், கலா ஒரு பக்கம். துணிக்கு மேலாகவும் சூடு கையை எட்டியது. ஒரு படிக்கு ஒரு படி, "மெதுவாடி", "நான் மெதுவாத்தான் போறேன், நீ இழுக்காத" என்று சண்டை போட்டுக்கொண்டே இறங்கினார்கள். பின்னால் வேலம்மா அத்தை வெளிச்சத்தைப் படியில் காட்டாமல் இவர்கள் முகத்தில் காட்டிக்கொண்டு வந்தாள். தெருவைக் கடக்கும்போது டீக்கடைக் கிழவர்கள் நாற்காலிகளை இழுத்து வழி விட்டார்கள். ஓவன் உள்ளே பேய்கள் இருப்பதோ, அவை பாதி வெந்திருப்பதோ அவர்களுக்குத் தெரியாது. சாக்லேட் வாசனை மட்டும் போயிற்று.

தெரேசா வீட்டுச் சமையலறையில் ஓவனை இறக்கி வைத்துச் சொருகினார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. அமிர்தநாதன் இரண்டு பெண்களின் கையையும் பார்த்துவிட்டு எதிர்வீட்டுக்கு ஓடி ஐஸ் பெட்டியிலிருந்து கட்டி எடுத்து வந்து கொடுத்தான். கலா யாரும் சொல்லாமலே ஜன்னலோரம் இருந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அது அவள் முக்காலி. ஐந்து மாதமாக அதில் வெங்காயக் கூடை இருந்தது, அதைத் தூக்கித் தரையில் வைத்தாள்.

தெரேசா ஓவனைப் பார்த்தபடியே நின்றாள். திரும்பாமலே சொன்னாள்:

"இனிமே யாரு வந்து ஒன்னப்பத்தி விசாரிச்சாலும் நான் வாயே தெறக்க மாட்டேன். அந்தோணியார் மேல சத்தியமா."

"ஏன் தெறக்க மாட்ட?" கலா ஐஸை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "கேட்டா சொல்லு. கோபக்காரின்னே சொல்லு, பொய்யா என்ன? ஆனா சொல்றப்ப நீ என் பக்கத்துல நிக்கணும்."